பொய்யால் விளைந்த நன்மை யாருடையது?

நகைச்சுவைப் படங்களின் முடிவை நாம் பெரிதாக ஆராய்வதில்லை. சிக்கல் அவிழும், பிரிந்தோர் கூடுவர், தீயவன் திருந்துவான், அல்லது ஓடிப்போவான், அரங்கில் விளக்குகள் எரியும், நாமும் எழுந்து வீட்டிற்குப் போய்விடுவோம். ஆயினும் சில படங்களின் இறுதிக் காட்சி, சிரிப்பு அடங்கிய பின்னரும் உள்ளத்தில் தங்கி, எளிதில் விடை காண இயலாத வினாவொன்றை நம்மிடம் விட்டுச் செல்கிறது. அத்தகைய படம் ஒன்றின் முடிவை முன்னிறுத்தி இங்கே சிறிது சிந்திக்க விழைகிறோம்.

வினா இதுதான். ஒருவன் பிழைப்புக்காகப் பொய் சொல்கிறான். அப்பொய்யை நம்பிய மற்றொருவனுக்கு மெய்யாகவே நன்மை விளைந்துவிடுகிறது. அந்த நன்மை பொய் சொன்னவனுடைய கணக்கில் சேருமா? அதைக் கண்ணால் கண்ட பிறகு அவன் செய்யத்தக்கது யாது?

கூடாரத்தில் நடந்தது

படத்தின் பெயர் ‘லீப் ஆஃப் ஃபெய்த்’. நம்பிக்கையை மட்டுமே துணையாகக் கொண்டு பாய்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ரிச்சர்ட் பியர்ஸ் இயக்கிய இப்படம் 1992 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. நகைச்சுவை நடிப்பால் புகழ்பெற்ற ஸ்டீவ் மார்ட்டின், ஊர் ஊராகச் சென்று சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தும் ஜோனஸ் நைட்டிங்கேல் என்னும் பிரசங்கியாக நடித்திருக்கிறார்.

பாடகர் குழு, பெருங்கூடாரம், வண்ண விளக்குகள் ஆகியவற்றோடு செல்லும் இவர்களுடைய வண்டிகளில் ஒன்று வழியில் பழுதாகிவிடுகிறது. கான்சஸ் மாநிலத்தில் ரஸ்ட்வாட்டர் என்னும் சிற்றூரில் (கதைக்காகப் படைக்கப்பட்ட ஊர்) சில நாள் தங்க நேர்கிறது. மழை பொய்த்துப் பயிர் வாடி, வேலையின்றி மக்கள் சோர்ந்திருக்கும் ஊர் அது. இருக்கும் நாள்களை வீணாக்குவானேன் என்று ஜோனஸ் அங்கேயே கூடாரம் அடித்துவிடுகிறான்.

அவனுடைய தொழில்முறை எளியது. கூட்டத்திற்கு வருவோரிடையே அவனுடைய ஆட்கள் கலந்து பழகி, அவர்தம் நோய், கடன், குடும்பத் துயர் ஆகியவற்றைப் பேச்சுவாக்கில் கேட்டறிவர். அச்செய்திகள் திரைமறைவில் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் ஜேன் என்னும் பெண்ணிடம் சேரும். அவள் அவற்றை ஜோனஸின் காதில் ஒளிந்திருக்கும் சிறு கருவிக்குச் சொல்லுவாள். மேடையில் நிற்கும் அவனோ, இறைவனே தனக்கு உணர்த்தியதுபோல, முன்பின் அறியாதவரின் துயரை அவர் முகத்திற்கு நேரே எடுத்துரைப்பான். கூட்டம் மெய்சிலிர்க்கும், உண்டிக் கூடைகள் நிறையும்.

ஊரின் காவல் தலைவர் வில் இதனை நம்பவில்லை. அவர் விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார். மலைநாட்டுக் குடிசையில் பிறந்த ஏழை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஜோனஸின் இயற்பெயர் ஜாக் நியூட்டன். பிறந்தது நியூயார்க் நகரில். 15 வயது முதல் 18 வயது வரை குற்றங்களிலேயே வாழ்ந்தவன். இவற்றை வில் கூட்டத்தாரின் முன்னிலையில் போட்டு உடைக்கிறார். இத்துடன் ஆட்டம் முடிந்தது என்று நாம் எண்ணுவோம். ஆனால் ஜோனஸ் மேடையேறி, பாவத்தை அறிய வேண்டுமானால் பாவம் செய்தவனிடம் அன்றோ கேட்க வேண்டும் என்ற பொருளில் பேசி, அந்த அவமானத்தையே தன் பெருமையாக்கிக்கொள்கிறான். கூட்டம் முன்னிலும் மிகுதியாக அவன்பால் ஈர்க்கப்படுகிறது. இந்தக் காட்சியை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். முடிவைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் இதில்தான் உள்ளது.

அவ்வூரில் உணவகம் ஒன்றில் பணிபுரியும் மார்வா என்பவளுக்கு பாய்ட் என்றொரு தம்பி. பெற்றோரைப் பலிகொண்ட கார் விபத்துக்குப் பிறகு ஊன்றுகோல் இன்றி அவனால் நடக்க முடிவதில்லை. உடலில் குறை எதனையும் மருத்துவர்களால் காண இயலவில்லை. வேறு வழியின்றி முன்பொரு முறை ஒரு சுகமளிப்பவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவரால் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் சிறுவனின் நம்பிக்கைக் குறைவே என்று அவர் சொல்லிவிட்டார். இதனால் மார்வாவுக்கு இத்தகையோர் எல்லோர் மீதும் அடங்காத சினம்.

இரவோடு இரவாக, கூடாரத்திலுள்ள சிலுவை உருவத்தின் மூடிய கண்களைத் திறந்திருப்பதுபோல் ஜோனஸே மாற்றி வைக்கிறான். மறுநாள் அற்புதம் என்று செய்தி பரவி, வெளியூர்களிலிருந்தும் மக்கள் திரள்கின்றனர். அன்றைய கூட்டத்தில் பாய்ட் முன்வருகிறான். ஜோனஸ் அவனைத் தவிர்க்கப் பார்க்கிறான். கூட்டமோ விடுவதாயில்லை. சிறுவன் சிலுவையை நோக்கித் தள்ளாடிச் செல்கிறான். ஊன்றுகோல்களைக் கீழே விடுகிறான். நடக்கிறான்.

இறுதிக் காட்சி

ஜோனஸின் குழுவினருக்கு இது எதிர்பாராத புதையல். இனி எத்தனை ஊர்கள், எத்தனை கூடைகள் என்று அவர்கள் உள்ளம் கணக்கிடுகிறது. ஜோனஸ் ஒருவன் மட்டும் மகிழவில்லை. அவனுக்குச் சினமே வருகிறது. வெறிச்சோடிய கூடாரத்தில் சிலுவையின் முன் நின்று வாதிடுகிறான். நடக்க வல்லவனான பாய்ட் அங்கே வந்து நன்றி கூறி, தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறான். தான் போலி என்று ஜோனஸ் அவனிடம் ஒளிக்காமல் சொல்கிறான். வேலை நடந்துவிட்டதே, போலியாக இருந்தால் என்ன என்பது சிறுவனின் மறுமொழி. அதுவே எல்லா வேறுபாடும் என்கிறான் ஜோனஸ்.

வெளியே வந்து பார்க்கிறான். கூடாரத்தைச் சுற்றியுள்ள வெட்டவெளியில் மக்கள் படுத்தும் வேண்டியும் விடியலுக்காகக் காத்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மேடை அங்கியையும் மோதிரத்தையும் ஜேனுக்காக விட்டுவிட்டு, இருளில் நடந்து ஒரு சரக்கு லாரியில் ஏறிக்கொள்கிறான். ஏதேனும் சிக்கலில் மாட்டியிருக்கிறாயா என்று ஓட்டுநர் கேட்க, வாழ்வில் முதன்முறையாக இல்லை என்ற கருத்தில் விடை சொல்கிறான். வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தபடியே இறைவனுக்கு நன்றி கூறுகிறான். படம் முடிகிறது.

நடந்தது எதனால்?

சிறுவன் நடந்ததற்கு இரண்டு விளக்கங்களைப் படம் திறந்தே விட்டிருக்கிறது. ஒன்று, அது இறையருள் என்பது. மற்றொன்று, விபத்தின் துயரால் கட்டுண்ட மனம் தன் கட்டை அவிழ்த்துக்கொண்டது என்பது. இரண்டாவது விளக்கம் வெறுங்கற்பனை அன்று. மருந்தே இல்லாத மாத்திரையை மருந்தென்று நம்பி உண்டவருக்கும் ஓரளவு வலி தணிவதுண்டு என்பதை மருத்துவ உலகம் நெடுநாளாக அறியும். ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1955 ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதிய கட்டுரை பலரின் கவனத்தை ஈர்த்தது. அவர் கூறிய அளவுகள் மிகையானவை எனப் பின்வந்த ஆய்வாளர் மறுத்தனராயினும், வலி, அச்சம், சோர்வு போன்றவற்றில் நம்பிக்கைக்கு ஓர் ஆற்றல் உண்டு என்பதை மறுத்தாரில்லை. ஆனால் அந்த ஆற்றலுக்கு எல்லையும் உண்டு. நம்பிக்கையால் கட்டி கரையாது. சர்க்கரை நோய் நீங்காது.

எந்த விளக்கத்தைக் கொண்டாலும் ஒன்று தெளிவு. நடக்கச் செய்தவன் ஜோனஸ் அல்லன். முதல் விளக்கத்தின்படி செய்தது இறைவன். இரண்டாவதன்படி செய்தது சிறுவனின் உள்ளம். உபாதான காரணம், நிமித்த காரணம் என்று பகுத்தறியும் வழக்கம் நமக்குண்டு. அந்தச் சொற்களிலே கூறினால், நடக்கும் ஆற்றல் சிறுவனிடமே இருந்தது. கூடாரமும் பாட்டும் கூச்சலும் அதற்கு நிமித்தமாயின. நிமித்தமாக அமைந்தமையாலேயே ஒருவனுக்கு நல்வினை வந்து சேர்வதில்லை. கல்லெறிந்தவனின் கல் தவறிப்போய்க் கனியை வீழ்த்தியது. பசித்தவன் அதை உண்டான். ஆதலின் கல்லெறிந்தவன் அன்னதானம் செய்தான் என்று யாரேனும் கூறுவரோ?

இதனைப் படத்தில் வேறெவரும் உணரவில்லை. பொய்யன் ஒருவனே உணர்கிறான். அவனுடைய சினத்திற்குப் பொருள் அதுதான். இத்தனை நாளும் எல்லாம் போலி என்று அறிந்திருந்தமையால் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. உண்மை என ஒன்று இல்லாதவரை போலிக்கு வெட்கமில்லை. உண்மை எதிரே எழுந்து நடந்து வந்தபோது, தான் நெடுநாளாக விற்று வந்த பொருள் எத்தகையது என்பதை அவன் முதன்முதலாகக் கண்டான்.

பொய்க்குக் கிடைக்கும் முதல்

‘போலியாக இருந்தால் என்ன, நன்மை நடந்ததே’ என்ற சிறுவனின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. நாமும் அன்றாடம் சொல்வதுதான். மனம் நோகக்கூடாதென்று சொன்ன பொய், நோயாளியின் தைரியத்திற்காக மறைத்த செய்தி என்று இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. ஆனால் ஜோனஸின் பொய் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது கேட்பவனின் நலத்திற்காகச் சொன்னதன்று; கூடைக்காகச் சொன்னது. அன்றியும், அது ஒருவனிடம் ஒருமுறை சொன்னதுமன்று; ஆயிரம் பேரிடம் நாள்தோறும் சொல்வது. அந்த ஆயிரவருள் ஒருவன் நடந்தான். நடவாதவர் நிலை என்ன?

அதற்கான விடையும் படத்திலேயே உள்ளது. முன்பு பாய்ட் சென்ற சுகமளிப்பவர், குறை உன் நம்பிக்கையில்தான் என்று சொல்லி அனுப்பினார் அல்லவா? கால் நடவாத துயரோடு, அதற்குத் தானே காரணம் என்ற துயரும் ஒரு சிறுவன் மீது ஏற்றப்பட்டது. நடந்தால் பெருமை மேடையில் நிற்பவனுக்கு. நடவாவிட்டால் பழி நோயாளிக்கு. இப்படி ஒருபோதும் தோற்காத வாணிகம் இது.

ஆகவே பொய் நன்மையாக முடியும் கணம், பொய்யனுக்கு மிகவும் ஆபத்தான கணம். தீமையாக முடிந்தால் அவன் அஞ்சியாவது நிறுத்தலாம். நன்மையாக முடிந்துவிட்டாலோ, அது அவனுடைய எல்லாப் பொய்களுக்கும் நற்சான்றாகிவிடும். ‘அந்தச் சிறுவனைப் பாருங்கள்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இன்னும் இருபது ஆண்டுகள் அவன் கூடாரம் அடிக்கலாம். தன் மனத்துக்கும் அதையே சொல்லித் தூங்கலாம். இந்த நற்சான்றை ஜோனஸ் எடுத்துக்கொள்ளாமல் போகிறான் என்பதில்தான் படத்தின் முடிவு உயர்ந்து நிற்கிறது. அவன் விட்டுச் சென்றவற்றுள் அங்கியும் மோதிரமும் சிறியவை. பெரியது அந்தச் சிறுவனின் பெயர்.

கதைக்கு வெளியே இரண்டு முடிவுகள்

இப்படத்தில் வரும் காதுக் கருவி கற்பனை அன்று. படம் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மெய்யாகவே நடந்ததொன்று. பீட்டர் போபாஃப் என்னும் தொலைக்காட்சிப் பிரசங்கி, தம் கூட்டத்திற்கு வந்தவர்களின் பெயர், முகவரி, நோய் ஆகியவற்றை அருள்வாக்குப்போல் கூறி வந்தார். மாயவித்தைக் கலைஞரான ஜேம்ஸ் ராண்டி 1986 ஆம் ஆண்டில் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவியோடு தம் குழுவினரை அங்கு அனுப்பினார். 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு குரல் கேட்டது. அது போபாஃபின் மனைவியின் குரல். கூட்டம் தொடங்குமுன் மக்கள் நிரப்பித் தந்த வேண்டுதல் அட்டைகளிலிருந்த செய்திகளை அவர் கணவரின் காதுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜானி கார்சன் நடத்திய புகழ்பெற்ற இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராண்டி அந்தப் பதிவை நாடு முழுவதும் கேட்கும்படி ஒலிக்கச் செய்தார்.

இதனைக் கேலிக்கூத்து என்று சிரித்துத் தள்ளுவதற்கில்லை. போபாஃபின் கூட்டங்களில், மருந்துகளை எறிந்துவிடுங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, இதய நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் உண்டுவந்த மாத்திரைகளை மக்கள் மேடையில் வீசியதாகவும் ராண்டி எழுதியிருக்கிறார். அம்மக்கள் வீடு திரும்பிய பின் என்ன ஆனார்கள் என்பதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டவில்லை.

1987 இல் போபாஃப் கடனைத் திருப்பித்தர வகையற்றவர் என்று நீதிமன்றத்தை நாடினார். வேடம் கலைந்தது, கதை முடிந்தது என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். முடியவில்லை. பின்னாளில் அவர் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றி, அற்புத ஊற்றுநீர் என்று சிறு பொட்டலங்களை இலவசமாக அனுப்பி, அதனைத் தொடர்ந்து காணிக்கை கேட்கலானார். பிறர் வந்து முகமூடியைக் கழற்றினால் மட்டும் மனிதன் மாறுவதில்லை என்பதற்கு இது சான்று. ரஸ்ட்வாட்டரில் காவல் தலைவர் வில் கண்டதும் இதுவேயன்றோ?

மற்றொரு முடிவும் உண்டு. மார்ஜோ கோர்ட்னர் 1944 இல் பிறந்தவர். மேரி, ஜோசஃப் என்னும் இரு பெயர்களையும் இணைத்துப் பெற்றோர் இட்ட பெயர் அது. நான்கு வயதிலேயே அவருக்குக் குருப்பட்டம் அளித்து, ஒரு திருமணத்தையும் நடத்தி வைக்கச் செய்தார்கள். பிரசங்கங்களை மனப்பாடம் செய்ய மறுத்தால், அடித்தால் தழும்பு தெரியும் என்பதற்காக, மூச்சுத் திணறும்படி தலையணையால் முகத்தை அழுத்துவதும் நீரில் அமிழ்த்துவதும் உண்டு என்று அவரே பின்னர் கூறியிருக்கிறார். வளர்ந்த பின்னும், நம்பிக்கை இல்லாமலேயே, பிழைப்புக்காக அத்தொழிலுக்குத் திரும்பினார். ஒரு கட்டத்தில் அது அவருக்குப் பொறுக்கவில்லை. தம் கடைசிச் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்க ஒரு குழுவினரை உடன் அழைத்துச் சென்றார். மேடையில் ஆவேசம், விடுதி அறையில் பணத்தை எண்ணியபடி, இன்ன தந்திரம் இவ்வாறு செய்யப்படுகிறது என்ற விளக்கம். ஹோவர்ட் ஸ்மித், சாரா கெர்னோக்கன் இருவரும் உருவாக்கிய அந்த ‘மார்ஜோ’ என்னும் ஆவணப்படம் 1972 இல் வெளிவந்து, சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

மார்ஜோ ஜோனஸைப்போல் சொல்லாமல் போகவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அவரைக் கண்டவர்கள் அடுத்த பிரசங்கியின் தந்திரத்தையும் அடையாளம் காண இயலும். எனினும் அவருடைய செயலிலும் ஒரு கறை உண்டு. அந்தக் கடைசிப் பயணத்தில் கூடிய எளிய மக்கள், கேமரா எதற்கென்று அறியாமலே மீண்டும் ஒருமுறை ஏமாற்றப்பட்டார்கள். மீண்டும் காணிக்கை தந்தார்கள். பொய்யை அம்பலப்படுத்தவும் அதே பொய் தேவைப்பட்டது.

இவை கிறித்தவ மேடைகளில் நடந்தவை ஆதலின் அச்சமயத்துக்கே உரிய குறை என்று எவரும் கொள்ளலாகாது. துயருற்றவர் எங்கு உளரோ அங்கெல்லாம் கூடாரம் அடிப்போர் உளர். எந்தச் சமயமும் இதற்கு விலக்கன்று.

திருடனும் உறியும்

குற்றவாளி ஒருவன் நம்பிக்கையின் வழியே மேனிலை எய்திய கதை நமக்குப் புதிதன்று. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் முதலாவதாகிய ஐயமின்மைக்குச் சமந்தபத்திர ஆச்சாரியர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் எடுத்துக்காட்டாக வைத்தது அஞ்சனன் என்னும் திருடனையே. மரத்தில் கட்டிய உறி; கீழே கூர்முனை மேலாக நடப்பட்ட படைக்கலங்கள்; மந்திரத்தை ஓதி உறியின் கயிறுகளை அறுத்தால் வானில் செல்லும் வித்தை கைகூடும். முன்னர் வந்தவனோ கீழே பார்த்து அஞ்சி ஏறுவதும் இறங்குவதுமாய் இருந்தான். காவலருக்கு அஞ்சி ஓடிவந்த அஞ்சனன் செய்தியைக் கேட்டறிந்து, ஐயமின்றி ஏறி அறுத்தான், வித்தை கைவந்தது.

இக்கதையைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிறுத்திவிடுகிறோம். வானில் பறந்ததை வியக்கிறோம். ஆனால் கதை அங்கு முடியவில்லை. வித்தையைப் பெற்ற திருடன் அதைக் கொண்டு மேலும் எளிதாகத் திருடியிருக்கலாம். பறக்கத் தெரிந்த திருடனை எந்தக் காவலன் பிடிப்பான்? அவனோ அந்த ஆற்றலைத் தன் பழைய தொழிலுக்கு முதலாக்காமல் துறவு பூண்டான், வீடுபேறும் எய்தினான். பறந்தது அற்புதம், பறக்கத் தெரிந்த பின்னும் திருடாமல் இருந்ததே அறம். ஜோனஸின் கதையிலும் சிறுவன் நடந்தது அற்புதமாக இருக்கலாம். அந்த அற்புதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் மேடையேறாமல் போனதே அறத்தின்பாற்பட்ட செயல்.

போனது போதுமா?

ஆயினும் ஜோனஸை நாம் எளிதில் விடுவித்துவிட முடியாது. அவன் வாங்கிய காணிக்கை திரும்பவில்லை. வெட்டவெளியில் காத்திருந்த மக்கள் விடிந்ததும் என்ன எண்ணியிருப்பர்? அவர்களுக்கு ஒரு சொல்லேனும் சொல்லியிருக்க வேண்டாவா? மழை வேறு பெய்துவிட்டது. அது தன் இயல்பில் பெய்த மழையாகவே இருக்கலாம். ஆனால் வந்தவர் வேண்டுதலால் பெய்தது என்றே அவ்வூர் நம்பும். அடுத்து வரப்போகும் போலிக்கு அவ்வூரார் முன்னிலும் எளிய இரையாவர். நகைச்சுவைப் படம் தன் வழக்கப்படி எல்லோருக்கும் நன்மையை வழங்கி இந்தக் கேள்விகளை மழையில் கரைத்துவிடுகிறது.

இதற்கு ஒருவாறு சமாதானம் கூறலாம். முன்பு நினைவில் இருத்துமாறு கூறிய காட்சியை இங்கே எண்ணிப் பார்ப்போம். தன் குற்றங்கள் வெளிப்பட்ட இரவில், ஒப்புக்கொள்ளுதலையே அவன் ஒரு வித்தையாக்கிக் காசு சேர்த்தான். அப்படிப்பட்டவன் மீண்டும் மேடையேறி ‘நான் போலி’ என்று அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கூட்டம் அதையும் புனிதனின் பணிவு என்று கொண்டாடியிருக்கும். உண்மையையே கருவியாக்கியவனுக்குக் கூட்டத்தின் முன் உண்மை பேசும் வழி அடைபட்டுப் போயிற்று. எனவேதான் அவன் ஒரே ஒருவனிடம், கேட்பார் யாருமற்ற கூடாரத்தில், தன்னைப் பெரிதும் நம்பியவனிடம், தான் போலி என்று கூறுகிறான். அங்கே கைதட்டல் இல்லை; கூடையும் இல்லை. கழுவாய் வகைகளுள் முதலாவதாக ஆலோசனையை நம் முன்னோர் வைத்தனர். குற்றத்தை மறைக்காமல் தக்கார் ஒருவரிடம் கூறுதல் அது. கூட்டத்தைக் கூட்டி அறிவிப்பதை அவர்கள் அதற்கு இலக்கணமாகச் சொல்லவில்லை.

ஆனால் ஆலோசனை முதற்படியே, முழுப்படியன்று. அதன்பின் வருவன பல. தீமையை விடுவது ஒன்று. விளைந்த தீமையைச் சரிசெய்வது மற்றொன்று. ஜோனஸ் முதலாவதைச் செய்தான். இரண்டாவதைச் செய்யாமலே லாரி ஏறிவிட்டான். போபாஃபிடம் இரண்டும் காணோம். மார்ஜோ இரண்டாவதைச் செய்ய முயன்றார், முயன்றபோதும் கறைபட்டார். பொய்யிலிருந்து கறையின்றி வெளியேறும் வழி எளிதில் கிடைப்பதில்லை என்பதே இம்மூவர் வரலாறும் நமக்குச் சொல்வது. உள்ளே நுழைவதோ அத்தனை எளிது!

நமக்கு

நாம் கூடாரம் அடிப்பவர்கள் அல்லர். காதில் கருவி வைத்துக்கொள்பவர்களும் அல்லர். ஆயினும் நாம் செய்யாத நன்மைக்கு நன்றி பெறும் வாய்ப்பு நம் ஒவ்வொருவருக்கும் வருகிறது. பிள்ளை தன் உழைப்பால் தேறுகிறான். ஆசிரியருக்கு மாலை விழுகிறது. நோய் தானே தணிகிறது. மருந்து தந்தவர் பெயர் பரவுகிறது. கைதவறிக் கொடுத்த அறிவுரை பலித்துவிடுகிறது. ‘நான் அன்றே சொன்னேன்’ என்கிறோம். பலர் கூடிக் கட்டிய கட்டடத்தில் ஒருவர் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. அக்கணத்தில் ‘இது என்னுடையதன்று’ என்று சொல்வது மிகச் சிறிய செயல்தான். செய்து பார்த்தவருக்கே அதன் பாரம் தெரியும்.

இன்னொரு கடமையும் உண்டு. நம் வீட்டிலோ தெருவிலோ தீராத நோயால் வருந்துபவர் எவரேனும் இருப்பர். எவரோ ஒருவர் சொல்லைக் கேட்டு அவர் மருந்தை நிறுத்திவிட்டார் என்று அறிந்தால், பிறர் நம்பிக்கையில் தலையிடலாகாது என்று வாளா இருத்தல் தகாது. அவர் நம்பிக்கையை இகழ வேண்டியதில்லை. வேண்டுதலோடு மருந்தும் இருக்கட்டும் என்று சொன்னால் போதும். குணமாகாவிட்டால் குறை உன் நம்பிக்கையில் என்ற கொடுஞ்சொல் மட்டும் நம் வாயிலிருந்து எக்காலத்தும் வரலாகாது. அச்சொல்லை நம்பிய ஒரு சிறுவனின் கதையைத்தான் இதுவரை கண்டோம்.

பொய்யால் நன்மை விளைந்தால் அது யாருடையது? விளைந்தவருடையது. பொய்யனுக்கு அதில் பங்கில்லை. ஆனால் பங்கில்லை என்பதை அறிந்து, பங்கு கேளாமல், உண்மையை ஒருவரிடமேனும் சொல்லிவிட்டு அவன் விலகிச் செல்வானாயின், அந்த விலகல் அவனுடையது. அதை அவனிடமிருந்து எவரும் பறிக்க இயலாது.